வன்னிக்குப் புதுசா வந்திருக்கிறியளோ? அயல்சனத்தோட கதை துவங்கிறது எப்பிடி

இடமாற்றத்தில கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் வாற ரீச்சர்மார், பாங்கிலயும் ஆஸ்பத்திரியிலயும் வேலை கிடைச்சு வாற பிள்ளையள், அறிவியல் நகர் கம்பசுக்குப் படிக்க வாறாக்கள், கலியாணம் கட்டி இந்தப் பக்கம் குடிவாற பொம்பிளையள், லீவுக்கு அம்மம்மாவோட நிக்கவெண்டு வெளிநாட்டில இருந்து வாற பெடியள், இவையளில கனபேர் சொல்லுற குறை ஒண்டுதான். சனம் நல்ல சனம், கண்டா சிரிக்கினம், ஆனா ரெண்டு வசனத்துக்கு மேல கதை ஓடுதில்லை, எதைக் கேக்கிறது எதைக் கேக்கக்கூடாது எண்டு பிடிபடுதில்லை. அவையளுக்காகத்தான் இதை எழுதிறன்.

முக்கியமானதை முதலே சொல்லிப்போடுறன். வன்னியில கதையை வானத்தில துவங்குங்கோ, குளத்தில துவங்குங்கோ, பஸ்ஸில துவங்குங்கோ. வீட்டுக்குள்ள இருக்கிற ஆக்களைப் பற்றி, புருசன் பிள்ளையளைப் பற்றி, நீங்களாத் துவங்காதேங்கோ. அந்தக் கதையை அவையளே ஒருநாள் எடுப்பினம், அது மட்டும் பொறுங்கோ. ஏனெண்டு கலியாணக் கதையில வரேக்க சொல்லுறன்.

முதல்ல கூப்பிடுற முறை

உங்களை விட மூத்த ஆம்பிளை எண்டா அண்ணை, பொம்பிளை எண்டா அக்கா, தகப்பன் வயசெண்டா ஐயா, தாய் வயசெண்டா அம்மா, நல்லா வயசு போனாக்களுக்கு அப்பு, ஆச்சி. வயசு மட்டுக்கட்டேலாட்டி அண்ணை அக்காவோட நில்லுங்கோ, ஐம்பது வயசு ஆளை ஐயா எண்டு கூப்பிட்டா சிலருக்கு மனசு நொந்துபோகும். பள்ளிக்கூடத்தில படிப்பிச்ச ஆக்கள் பென்சன் எடுத்துப் பத்து வருசமெண்டாலும் சேர், ரீச்சர்தான். எல்லாருக்கும் நீங்கள் போடுங்கோ. உங்கட வயசை ஒத்த ஆராவது கொஞ்சநாள் பழகின பிறகு "நீர் எப்ப வந்தனீர்" எண்டு கேட்டா அது மரியாதைக் குறைவில்லை, கிட்ட வந்திட்டினம் எண்டுதான் எடுக்க வேணும், ஆனா நீங்கள் முந்திக்கொண்டு நீர் எண்டு துவங்காதேங்கோ.

மழை, வெயில், குளம்

இஞ்ச வானத்தைப் பற்றிக் கதைக்கிறது நேரம் போக்கிறதுக்கு இல்லை. கனசனம் வயலையும் தோட்டத்தையும் மாட்டையும் கடலையும் நம்பித்தான் சீவிக்குது, ஆனபடியா "மழை வருமோ அண்ணை" எண்டு நீங்கள் கேட்டா அது அவரின்ர வேலையைப் பற்றி, காசைப் பற்றி, வாற வருசத்தைப் பற்றிக் கேக்கிற கேள்வி. அதை விளங்கிக்கொண்டு கேட்டா கதை தானா நீளும்.

ஆனா எந்த மாசத்தில என்ன கேக்கிறது எண்டு தெரிஞ்சிருக்க வேணும். புரட்டாதி முடியிற காலம், ஐப்பசி துவக்கம், காலபோகத்துக்கு, அதாவது மாரி மழையோட செய்யிற வெள்ளாண்மைக்கு, விதைக்கிற நேரம். வானம் பாத்த காணிக்காரர் மழையை நம்பிப் புழுதியில விதைச்சுப்போட்டு இருப்பினம், அந்த நேரம் அவையளுக்கு ஒரு நல்ல மழை வேணும். "விதைச்சாச்சோ, முளைச்சிட்டுதோ" எண்டு கேளுங்கோ, அந்த ஒரு கேள்விக்கு அரை மணித்தியாலம் பதில் வரும். கார்த்திகை மார்கழியில எல்லாற்ற வாயிலயும் தாழமுக்கம்தான், வங்காள விரிகுடாவில ஒண்டு உருவாகினா இஞ்ச தேத்தண்ணிக் கடையில அதை ஒரு சொந்தக்காரர் வாற மாதிரிக் கதைப்பினம், எப்ப வருது, எந்தப் பக்கத்தால வருது, எத்தினை நாள் நிக்கும் எண்டு.

இந்தக் காலத்தில கட்டாயம் கேக்க வேண்டிய கேள்வி, குளம் எத்தினை அடி? கிளிநொச்சிப் பக்கமெண்டா இரணைமடு, முல்லைத்தீவுப் பக்கம் முத்தையன்கட்டு, தண்ணிமுறிப்பு, துணுக்காய் மல்லாவிப் பக்கம் வவுனிக்குளம், அக்கராயன் பக்கம் அக்கராயன் குளம். இரணைமடு கட்டுத் திருத்தின பிறகு முழுக்க நிரம்பினா 36 அடி. முப்பதைத் தாண்டினா சனத்தின்ர முகம் மாறும், கோடையில செய்யிற சிறுபோகத்துக்கும் தண்ணி காணும் எண்டு ஒரு சந்தோசம், 34, 35 எண்டு போனா வான்கதவு திறப்பினமோ எண்டு கீழ்ப்பக்கத்துச் சனத்துக்கு யோசனை. 2018 டிசம்பரில ராவோட ராவா வெள்ளம் வந்து பன்னங்கண்டி, முரசுமோட்டை, கண்டாவளைப் பக்கமெல்லாம் தண்ணிக்குள்ள நிண்டது, ஆடு மாடு போனது, அந்தப் பக்கத்து ஆக்களோட கதைக்கேக்க குளம் நிரம்பினதைப் பெரிய சந்தோசமாச் சொல்லாதேங்கோ, "உங்கட பக்கம் தண்ணி ஏறுறதோ" எண்டு முதல்ல கேளுங்கோ.

இன்னொண்டு. அடைமழை கொட்டேக்க சில வயசானாக்கள் கதைச்சுக்கொண்டு இருந்திட்டுத் திடீரெண்டு பேசாமல் போயிடுவினம். 2008 நவம்பரில நிஷா புயல் அடிக்கேக்க வன்னியில கனசனம் சண்டையால இடம்பெயர்ந்து காட்டுக்கரையில தறப்பாளுக்குக் கீழ இருந்தது, அந்த மழையை அங்க இருந்துதான் பாத்தது. அப்பிடிப் பேசாமல் போனா என்ன ஏதெண்டு தோண்டாதேங்கோ. பக்கத்தில இருந்து மழையைப் பாருங்கோ, காணும்.

பிறகு தை. புதுசா வந்தாக்கள் பிழைவிடுற மாசம் இதுதான். வெளியில இருந்து வாறாக்களுக்கு மழை எண்டா எப்பவும் நல்லதெண்டு நினைப்பு, ஆனா தையில கதிர் முத்தி வெட்ட நிக்கும், வெட்டின நெல்லை றோட்டுக் கரையில படங்கு விரிச்சுக் காயப்போட்டிருப்பினம், அந்த நேரம் ஒரு மழை வந்தா நெல்லு முளைக்கும், விலை விழும், கடன் நிக்கும். அண்டைக்கு "என்ன குளிர்மையான நல்ல மழை" எண்டு ஒரு கமக்காரனுக்குச் சொல்லாதேங்கோ. "நெல்லு மூடியாச்சோ அண்ணை, கை உதவி வேணுமோ" எண்டு கேளுங்கோ. படங்கின்ர ஒரு மூலையைப் பிடிச்சு இழுத்து விட்டியளெண்டா அதுக்குப் பிறகு உங்களுக்குக் கதைக்க ஆள் தேடத் தேவையில்லை.

தை மாசியில பின்னேரம் வெளியில நிண்டா ஆச்சிமார் "பிள்ளை பனி கொட்டுது, தலையை மூடு" எண்டு பேசுவினம், பேச்சு வாங்கிறது நல்ல சகுனம், உங்களை வீட்டுப் பிள்ளையாப் பாக்கினம் எண்டு அர்த்தம், மூடிப்போடுங்கோ. பங்குனி சித்திரை வெக்கை சொல்லத் தேவையில்லை. ஒவ்வொரு வருசமும் ஏப்ரல் 5 அளவில சூரியன் இலங்கையின்ர தெக்குக்கு நேர மேல வந்து 15 அளவில வடக்கைத் தாண்டும், எங்கட பக்கம் அது சரியாச் சித்திரைப் புதுவருசத்தை ஒட்டின நாள், மத்தியானத்தில உங்கட நிழல் காலுக்குக் கீழ நிக்கும். அந்த நாளில "உச்சியில நிக்குது என்ன" எண்டாலே கதை துவங்கிடும். அந்தக் கிழமையளில பின்னேரத்தில இடியோட ஒரு மழை வந்தா அது சித்திரைச் சிறுமாரி, எல்லாருக்கும் சந்தோசம். வைகாசிக்குப் பிறகு சோளகக் காத்து அடிக்கத் துவங்கும், புழுதி, கூரைத்தகரம் சத்தம், கொடியில போட்ட உடுப்பு அடுத்த வளவுக்க. அதைப் பொறுக்கப் போறதே அயலுக்குப் போக நல்ல சாட்டு. கரைப்பக்கம் முல்லைத்தீவு, அலம்பில், நாயாறு எண்டா மழையைக் கேக்காதேங்கோ, "கடல் என்ன மாதிரி, தொழிலுக்குப் போகக்கூடியதா இருக்கோ" எண்டு கேளுங்கோ.

ஒரு சின்ன மாதிரி, இப்பிடித்தான் ஓடும்:

"அண்ணை, என்ன மாதிரி, மழை கிடக்கோ?"

"வரும் போலதான் கிடக்கு. உங்க பாருங்கோ, கிழக்கால கறுத்துக்கொண்டு வருது."

"வயல் எவடத்தில உங்களுக்கு?"

"உதில வாய்க்காலுக்கு அங்கால ரெண்டேக்கர். இனி மேல ஒரு மழை வேணும். நீங்கள் புதுசோ?"

"ஓமண்ணை, ஸ்கூலுக்கு வந்தனான். ரீச்சரம்மா வீட்டுக்குப் பக்கத்தில வாடகைக்கு இருக்கிறன்."

"அட, எங்கட மேள் அந்த ஸ்கூல்தான்."

முடிஞ்சுது அலுவல். வானத்தில துவங்கி மகளில வந்து நிண்டிட்டுது, மகளைப் பற்றி எடுத்தது அவர், நீங்கள் இல்லை.

படலையடி

அயல்வீட்டுக்குப் போறதெண்டா படலையில நிண்டு குரல் குடுங்கோ, "அக்கா... நிக்கிறியளோ" எண்டு. துறந்துகொண்டு உள்ள போகாதேங்கோ, நாய் இருக்கும், அதைவிட பொம்பிளையள் தனிய இருக்கிற வீடுகள் இஞ்ச கனக்க. "ஆரது" எண்டு கேட்டா பேரைச் சொல்லாமல் வீட்டைச் சொல்லுங்கோ, "நான் உந்தப் பச்சைக் கேற் வீட்டுக்குப் புதுசா வந்திருக்கிறன்" எண்டு. பேர் பிறகு கேப்பினம். போற நேரம் பின்னேரம் நாலரை ஐஞ்சு நல்லது, மத்தியானம் வேண்டாம், பொழுதுபட்டு விளக்கு வைக்கிற நேரமும் வேண்டாம்.

உள்ள கூப்பிட்டுக் கதிரை போட்டா தேத்தண்ணி வரும். இதை நான் அழுத்திச் சொல்ல வேணும், தேத்தண்ணியை வேண்டாமெண்டு சொல்லாதேங்கோ. சீனி வருத்தம், இப்பதான் குடிச்சனான், நேரமில்லை எண்டு உங்களிட்ட நூறு நியாயம் இருக்கலாம், ஆனா எங்கட சமூகத்தில ஒரு வீட்டில தண்ணி வென்னி தொடாமல் எழும்பிப் போறதுக்குச் சாதியோட சேர்ந்த பழைய கெட்ட அர்த்தம் ஒண்டு இருக்கு, அதை அனுபவிச்ச ஆக்கள் இப்பவும் உயிரோட இருக்கினம், நீங்கள் அப்பிடி நினைக்காட்டியும் அவையளுக்கு அது சுருக்கெண்டு படும். சீனி வேண்டாமெண்டா "வெறும் தேத்தண்ணி தாங்கோ, பனங்கட்டி இருந்தா ஒரு துண்டு" எண்டு கேளுங்கோ. கேட்டு வாங்கிக் குடிக்கிற ஆளை அயலுக்குப் பிடிக்கும்.

அதே காரணத்துக்காகத்தான் இன்னொரு கேள்வியையும் தவிர்க்க வேணும். "சொந்த ஊர் எது" எண்டு கேக்கலாம், அது சாதாரணம், ஏனெண்டா வன்னிச் சனம் எல்லா இடத்திலயும் இருந்து வந்து சேர்ந்த சனம். ஆதியில இருந்தே இருக்கிற ஆக்கள் ஒரு பக்கம், வட்டக்கச்சி, உருத்திரபுரம் மாதிரிக் குடியேற்றத் திட்டங்களுக்குத் தீவுப்பகுதியிலயும் குடாநாட்டிலயும் இருந்து வந்தாக்கள், 1958, 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்தில இருந்து வந்தாக்கள், 1995 கடைசியில வலிகாமத்தில இருந்து வெளிக்கிட்டு வந்து இஞ்சயே தங்கினாக்கள். எங்க இருந்து வந்தனியள் எண்டா எல்லாரும் ஆசையாச் சொல்லுவினம். ஆனா ஊரைச் சொன்ன பிறகு "ஊரில எவடம், எந்தக் கோயிலடி, ஆற்ற ஆக்கள்" எண்டு நோண்டத் துவங்கினா அது வேற விசாரணை, நீங்கள் என்னத்தைத் தேடுறியள் எண்டு அவையளுக்கு உடன விளங்கும். அந்தக் கதவு பிறகு துறக்காது.

அயலில கேக்கக்கூடிய நல்ல கேள்வியள் எல்லாம் பிரயோசனமான கேள்வியள்தான். கிணத்துத் தண்ணி நல்ல தண்ணியோ சவரோ, ஆவணியில வத்திறதோ, மரக்கறிச் சந்தை என்னென்ன நாள், ராவில ஆனை வாறதோ. ஆனைக் கதை துவங்கினா நிக்காது, எந்தத் தென்னையை முறிச்சது, எந்த வேலியைப் பிரிச்சது, எந்த நேரம் வெடி கொளுத்தினது எண்டு சின்னப் பிள்ளையளும் வந்து சேர்ந்து சொல்லுங்கள். அது கதை மட்டுமில்லை, ராவில நீங்கள் எந்தப் பாதையால சைக்கிளில வரப்படாது எண்ட தகவலும் அதுக்க கிடக்கு, கவனமாக் கேளுங்கோ.

வேலிக்கு மேலால முருங்கைக்காய் வரும், கத்தரிக்காய் வரும், ஆடிப்பிறப்புக்குக் கூழும் கொழுக்கட்டையும் வரும், பெருநாளுக்கு முஸ்லிம் வீட்டில இருந்து வட்டிலப்பம் வரும், நத்தாருக்குக் கேக் வரும். வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் குடுக்காதேங்கோ, ஒண்டுமில்லாட்டி நாலு தேசிக்காய் போட்டுக் குடுங்கோ. செத்தவீடெண்டா ஆரும் சொல்லி அனுப்ப மாட்டினம், கேள்விப்பட்ட உடன போக வேணும், போய்ப் பந்தலுக்க இருங்கோ, கதைக்கத் தேவையில்லை.

பஸ்ஸும் ரயிலும்

வெளிக்கிட்டுப் போற ஆளைப் பாத்து "எங்க போறியள்" எண்டு கேக்கிறதில்லை, சகுனம் பிழை எண்டு வயசானாக்கள் நினைப்பினம். "துலைக்கோ" எண்டு கேளுங்கோ, இல்லாட்டி "தூரப் பயணமோ". "உதில சந்தி மட்டும்" எண்டு பதில் வந்தா அவர் கொழும்புக்குப் போறாரெண்டாலும் அதோட விட்டிடுங்கோ, சொல்ல விருப்பமெண்டா சொல்லியிருப்பார்.

பஸ்ஸில கதை துவங்கிறது லேசு. நீங்கள் இருந்துகொண்டு போறியளெண்டா நிக்கிற ஆளின்ர பையைக் கேட்டு வாங்கி மடியில வையுங்கோ, "தாங்கோ அக்கா, நான் வச்சிருக்கிறன்". பரந்தன் முல்லைத்தீவு றோட்டிலயோ மாங்குளம் முல்லைத்தீவு றோட்டிலயோ போற பஸ்ஸெண்டா பக்கத்தில இருக்கிறவர் உங்கட அயலூர்க்காரராத்தான் இருப்பார், தருமபுரத்தில ஏறினவர் விசுவமடுவில இறங்க முதல் நீங்கள் ஆற்ற வீட்டில இருக்கிறியள் எண்டது அவருக்குத் தெரிஞ்சிருக்கும், அதைப் பற்றிக் கோபிக்காதேங்கோ, உங்களுக்கு ஒரு அவசரமெண்டா ஓடி வாறதும் அவர்தான்.

ஏ9 றோட்டில போனா முறிகண்டியில வாகனம் நிக்கும். பிள்ளையாரைக் கும்பிட்டுக் கற்பூரம் கொளுத்தி, தேங்காய் அடிக்கிறாக்கள் அடிச்சு, கச்சான் வாங்கிக்கொண்டு வந்து ஏறுவினம். நீங்கள் எந்தச் சமயமெண்டாலும் இறங்குங்கோ, ஒரு பைக்கற் கச்சான் வாங்குங்கோ, ஏறின உடன பக்கத்தில இருக்கிறவருக்கு முதல்ல நீட்டுங்கோ. வறுத்த கச்சான் கோது உடைச்சுக்கொண்டு கதைக்கிற கதைக்கு ஒரு தனி ஓட்டம் இருக்கு, கை வேலை செய்யிறபடியா கண்ணைப் பாத்துக்கொண்டு இருக்கத் தேவையில்லை, கூச்சமான ஆக்களும் கதைப்பினம்.

வயசானாக்களோட எண்டா யாழ்தேவியைக் கேளுங்கோ. 1956இல ஓடத் துவங்கின ரயில், 1990இல வவுனியாவோட நிண்டுபோய், 2013 செப்ரெம்பரில கிளிநொச்சிக்கும் 2014 ஒக்ரோபரில யாழ்ப்பாணத்துக்கும் திரும்பி வந்தது. இடையில பிறந்து வளந்த பிள்ளையள் இருபது வயசு தாண்டின பிறகுதான் முதல் முதல் ரயிலைக் கண்டதுகள், தாய் தேப்பன் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு ஸ்ரேசனுக்கு ரயில் பாக்கவே போனவை. "நீங்கள் முந்தி யாழ்தேவியில போயிருக்கிறியளோ" எண்டு அறுபது வயசு தாண்டின ஆரைக் கேட்டாலும் ஒரு கதை வரும். கொழும்பில கந்தோர் வேலை, அனுராதபுரத்தில தேத்தண்ணி, ரயிலில பாத்த பொம்பிளை. பூநகரிப் பக்கமெண்டா சங்குப்பிட்டிப் பாலத்தைக் கேளுங்கோ, 2011இல திறந்தது, அதுக்கு முதல் அந்தக் கடலை எப்பிடிக் கடந்தவை எண்டு.

மடு மாதா திருவிழாவுக்கு ஓகஸ்ட் 15 போற பயணம், வைகாசியில வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு நடந்து போற பயணம், இதெல்லாம் நல்ல கதைப்பொருள். முடிஞ்சா கேக்கிறதோட நிக்காமல் சேர்ந்து போங்கோ.

அரசியலையும் காணிப் பிரச்சினையையும் பஸ்ஸில நீங்களாத் துவங்க வேண்டாம், மற்றாள் துவங்கினா கேளுங்கோ.

கலியாணக் கதை

இப்ப நான் பொறுங்கோ எண்டு சொன்ன இடத்துக்கு வாறம்.

"அவர் என்ன வேலை செய்யிறார்?", "பிள்ளையள் எத்தினை பேர்?" இந்த ரெண்டும் வேற இடங்களில சும்மா கேக்கிற கேள்வியள். வன்னியில இந்த ரெண்டுக்கும் பதில் சொல்லேலாத ஆக்கள் ஒவ்வொரு ஒழுங்கையிலயும் இருக்கினம். புருசன் செத்ததெண்டா சொல்லிப்போடலாம், இருக்கிறாரோ இல்லையோ எண்டே தெரியாத பொம்பிளை என்னெண்டு சொல்லுறது? பிள்ளையள் எத்தினை எண்டா, இப்ப இருக்கிறதைச் சொல்லுறதோ பெத்ததைச் சொல்லுறதோ? காணாமல் ஆக்கப்பட்டாக்களின்ர சொந்தங்கள் கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில 2017 பெப்ரவரி 20 துவங்கின போராட்டத்தை வருசக்கணக்கா விடாமல் கொண்டு போனவை, அதில இருந்த அம்மாமாரில ஒராள் உங்கட பக்கத்து வீட்டிலயும் இருக்கலாம், நீங்கள் மரக்கறி வாங்கிற கடையிலயும் இருக்கலாம். பொட்டு வைச்சிருக்கிறதைப் பாத்து ஒண்டையும் முடிவு கட்டேலாது. ஆனபடியாத்தான் சொல்லுறன், அந்தக் கதையை அவை துவங்கட்டும். துவங்கினா, போன் நோண்டாமல், "கவலைப்படாதேங்கோ எல்லாம் சரிவரும்" எண்டு அவசரப்பட்டு மூடாமல், கடைசி மட்டும் கேளுங்கோ. "அவரின்ர பேர் என்னம்மா" எண்டு ஒரு கேள்வி காணும்.

சரி, புருசனும் பெண்சாதியுமா நரைச்சுப்போய் ஒண்டா இருக்கிற வீடுகள்? அதுவும் கனக்க இருக்கு, அந்த வீடுகளில இருந்து கதை கேக்கிறது வன்னியில கிடைக்கிற பெரிய சந்தோசம் எண்டு நான் நினைக்கிறன். ஆனா அங்கயும் நேர "எத்தினை வருசம் கலியாணம் கட்டி" எண்டு போகாமல் முத்தத்தில நிக்கிற மரத்தைக் கேளுங்கோ. "இந்த மாமரம் ஆர் வச்சது?" எண்டு. வீடு மூண்டு தரம் இடிஞ்சு நாலாந்தரம் கட்டினதா இருக்கும், மரம் மட்டும் நிண்டிருக்கும், அதை வச்ச கை ஆற்ற எண்டு சொல்லத் துவங்கினா கலியாணம் தன்ரபாட்டில வரும்.

எங்கட அயலில ஒரு ஐயாவும் அம்மாவும். மரத்தைக் கேட்டா ஐயா சொல்லுவார், "மட்டக்களப்பில சூறாவளி அடிச்ச வருசம் ஆவணியில கட்டினது, அடுத்த மழைக்கு வச்சது" எண்டு. சுளகில அரிசி கல்லுப் பொறுக்கிக்கொண்டிருக்கிற அம்மா தலை நிமித்தாமல், "ஆவணி இல்லை, ஆனி" எண்டுவா. "இல்லையப்பா, ஆவணி." "உவருக்கு என்ன தெரியும், மாப்பிள்ளைக் கோலத்தில வேர்த்து ஊத்திக்கொண்டு நிண்டவர், நான் எல்லோ வள்ளத்தால வந்து இறங்கினனான், எனக்குத் தெரியாதே அண்டைக்குக் காத்து எப்பிடி எண்டு." அவ நெடுந்தீவு, அவர் உருத்திரபுரம். கடலால வந்து, பஸ் பிடிச்சு, யாழ்ப்பாணத்தில ரயில் ஏறி, கிளிநொச்சியில இறங்கி, மாட்டுவண்டிலில வீட்டை வந்து, முதல் ராவே ஆனை பிளிறினதைக் கேட்டு அழுதவவாம். ஐயா அந்த இடத்தில மட்டும் மறுத்துக் கதைக்காமல் சிரிச்சுக்கொண்டு இருப்பார். சுளகில பொறுக்கின கல்லை ஒவ்வொண்டா அவற்ற பக்கமா எறிவா, அவர் அதை எடுத்து முத்தத்தில வீசுவார், கதை முடியிற மட்டும் இது நடக்கும்.

இதில புதுசா வந்தாக்கள் கவனிக்க வேண்டியது, புருசன் பெண்சாதி இப்பிடித் தர்க்கப்படேக்க நீங்கள் ஒரு பக்கம் சாயக்கூடாது, "ஐயா சொல்லுறதுதான் சரி போல" எண்டு நடுவில போகாதேங்கோ. 1978ஓ 79ஓ, ஆனியோ ஆவணியோ எண்டு கணக்குப் பாக்கிறதும் வேண்டாம். இஞ்ச காலத்தைத் திகதியால சொல்லுறது குறைவு, இந்தியன் ஆமி நிண்ட காலம், வலிகாமத்தால வந்த வருசம், சமாதான காலத்தில பாதை திறந்தது, முகாமால வந்து மீளக் குடியேறினது எண்டுதான் சொல்லுவினம், நீங்களும் அப்பிடியே கேட்டுப் பழகுங்கோ. "பாதை திறந்த காலத்தில நீங்கள் எங்க இருந்தனியள்" எண்டா 2002 எண்டு அவைக்கு விளங்கும்.

கலியாணப் படம் காட்டுங்கோ எண்டு கேக்காதேங்கோ. முக்கால்வாசி வீட்டில அல்பம் இல்லை. உயிரைக் கையில பிடிச்சுக்கொண்டு ஓடேக்க அடையாள அட்டையும் பிள்ளையளின்ர பிறப்புச் சேட்டிபிக்கற்றும்தான் எடுத்தவை, அதுவும் எல்லாராலயும் ஏலேல்லை. சிலருக்குக் கனடாவிலயோ லண்டனிலயோ இருக்கிற சொந்தக்காரரிட்ட மிஞ்சின ஒரு பிரதி போனில வந்து, அதைப் பெருப்பிச்சு பிறேம் போட்டிருப்பினம். சுவரில அப்பிடி ஒண்டைக் கண்டா "வடிவான படம், எங்க கிடைச்சது" எண்டு கேளுங்கோ, எங்க எடுத்தது எண்டு இல்லை, எங்க கிடைச்சது எண்டு.

நடு வயசுச் சோடியளோட கொஞ்சம் நிதானம் வேணும். 2007, 2008 காலத்தில சண்டைக்கு ஆள்சேர்க்கிற பயத்தில பிள்ளையளைப் பதினாறு பதினேழு வயசில அவசரமாக் கட்டிக் குடுத்த குடும்பங்கள் கனக்க, அந்தப் பிள்ளையள் இப்ப முப்பதுகளில இருக்கினம். பெரிய பிள்ளையைப் பாத்து "உங்களுக்கு இவ்வளவு பெரிய மகளோ, எத்தினை வயசில கட்டினனியள்" எண்டு சிரிச்சுக் கேக்கிறது பகிடி மாதிரித் தெரியும், அந்தப் பொம்பிளைக்கு அது பகிடி இல்லை. அதே மாதிரி "விரும்பிக் கட்டினதோ பேசிக் கட்டினதோ" எண்டு உங்கட வயசு ஆக்களை நல்லாப் பழகின பிறகு கேக்கலாம், மூத்தாக்களை வேண்டாம்.

பழைய பொம்பிளையள் புருசனின்ர பேர் சொல்ல மாட்டினம், இவர், எங்கட ஐயா, பெரியவன்ர தேப்பன் எண்டு போகும், கூப்பிடுறது "இஞ்சாருங்கோ" எண்டு. உங்களுக்குப் பேர் வேணுமெண்டா பேரப்பிள்ளையைக் கேளுங்கோ. அறுபதாங்கலியாணம் எண்டு சொல்லி அழைச்சாக் கட்டாயம் போங்கோ, பரிசுப்பொருள் பெரிசாத் தேவையில்லை, ரெண்டு பேரையும் ஒண்டா இருத்தி நல்லதா ஒரு படம் எடுத்து, போனில அனுப்பாமல் கடையில கழுவிக் கொண்டுபோய்க் கையில குடுங்கோ. படம் துலைச்ச சனத்துக்கு அதின்ர பெறுமதி தெரியும்.

வெளிக்கிடுறது

எழும்பேக்க "போறன்" எண்டு சொல்லாதேங்கோ, "அப்ப நான் போட்டு வாறன்" எண்டுதான். சொன்ன உடன போகேலாது, அவையும் எழும்பிப் படலை மட்டும் வருவினம், உண்மையான கதை அங்கதான் துவங்கும். உள்ள கதிரையில இருந்து கதைக்காத விசயம், மகனின்ர வேலை, மகளுக்குப் பாக்கிற சம்பந்தம், ஆஸ்பத்திரியில சொன்ன வருத்தம், படலையில ஒரு கையை வச்சுக்கொண்டு குரலைத் தணிச்சுச் சொல்லுவினம். அதனால வேற எங்கயும் போக நேரம் குறிச்சு வச்சிருந்தா கால் மணித்தியாலம் முந்தியே எழும்புங்கோ. அங்க கேட்டதை அடுத்த வீட்டில போய்ச் சொல்லாதேங்கோ, ஒருக்கா வெளியில போனா பிறகு உங்களுக்கு மழைக் கதை மட்டும்தான் மிஞ்சும்.

அடுத்த முறை காணேக்க அந்தக் கதையை மறக்காமல் ஒரு சொல்லாவது கேளுங்கோ, "கிளினிக்குக்குப் போனனியளோ, என்னவாம்" எண்டு. றோட்டில நாலு பேர் நிக்கேக்க கேக்க வேண்டாம், சைக்கிளை நிப்பாட்டி, மழை வருமோ அக்கா எண்டு துவங்கி, ஆக்கள் விலத்தின பிறகு கேளுங்கோ.